தூக்கத்தில் ஆடாத கை

தொண்டை வலிக்கு நம் வீடுகளில் என்ன செய்தார்கள் என்று உங்களுக்கும் நினைவிருக்கும். கல் உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள். மிளகை நசுக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். கழுத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி, அது காய்ந்து தோலை இழுக்க இழுக்க, பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் வலி போய்விடும். போனதும் மறந்துவிடுவோம். நம்மில் யாரும் தொண்டை வலியை ஒரு நோயாக எண்ணி வளரவில்லை. அதனால்தான் இதை உங்களிடம் சொல்லத் தோன்றியது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பன்னிரண்டு. ஈஜோக்கிலிருந்து கோலா சிலாங்கூருக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். ரப்பர் பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. சாய்த்த மரங்களைக் குவித்து வாரக்கணக்கில் எரித்தார்கள். கொடியில் காயும் துணியில் புகை வாசம், சோற்றில் புகை வாசம், அம்மாவின் தலைமுடியில் புகை வாசம். காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் பிடித்து வைக்கும் தோம்பின் மேல் சாம்பல் மெல்லிய ஏடாக மிதக்கும். லயத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகத் தொண்டை வலி வந்தபோது எல்லாரும் புகையைத்தான் குற்றம் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் அது முதலில் வந்தது எனக்கு. நானும் அக்காவும் ஒரே பாயில் படுத்தோம், ஒரே போர்வைக்குள் சுருண்டோம், பிடி உடைந்த ஒரே அலுமினியக் குவளையில் கோப்பி குடித்தோம். அவள் பாதி குடித்து எனக்குத் தருவாள். அல்லது நான் எச்சில் பண்ணி அவளுக்குத் தருவேன். எனக்கு மூன்று நாளில் போய்விட்டது. நான்காம் நாள் அக்கா எச்சில் விழுங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு வந்தது எனக்கு வந்ததைப் போல இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. நாக்கு செக்கச் செவேலென்று சொரசொரப்பாகிவிட்டது. அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் ஒரு கரண்டிக் காம்பால் அவள் நாக்கை அழுத்திப் பிடித்து, டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். காகித உறையில் மாத்திரைகளை எண்ணிப் போட்டுக் கொடுத்தார்.

"பத்து நாளைக்கு இருக்கு. வலி போயிட்டாலும் நிறுத்தாத. வெளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா" என்றார் அம்மா.

மாத்திரை தொடங்கிய நான்காம் நாள் அக்கா மூன்று தோசை சாப்பிட்டாள். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு மருந்து?" என்று சொல்லிவிட்டு, மீதி மாத்திரைகளை ஒரு காலி முகப்பவுடர் டின்னில் போட்டு, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருந்த பலகையில் வைத்தார். அடுத்த முறை வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே எடுத்துக் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. நீங்களும் நானும் நம் பிள்ளைகள் விஷயத்தில் அதைச் செய்திருக்கிறோம். அம்மாவைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மூன்று வாரம் போயிருக்கும். அக்காவின் வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. அம்மா தைலம் தேய்த்தார். இரண்டு நாளில் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் இடது கணுக்கால் வீங்கியது. அது குறைந்ததும் மணிக்கட்டு. வலி இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்ததால் யாரும் அதை நம்பவில்லை. "பெரியவளே, இன்னைக்கு எந்தக் கால் லா?" என்று வேலைக்குப் போகும்போது அப்பா சிரித்துக்கொண்டே கேட்பார். வளர்கிற வயது, எலும்பு நீளுகிறது என்றார் அம்மா. பிறகு அந்த வலியும் தானாகவே போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

அக்காவின் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால் எழுதத் தெரியாதவர்கள் அவளிடம்தான் வருவார்கள். வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவாள். அச்சில் வார்த்ததைப் போல ஒவ்வொரு எழுத்தும் ஒரே அளவில் நிற்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவளுடைய நோட்டை மற்ற வகுப்புகளுக்கு அனுப்பிக் காட்டுவார்.

அந்த நோட்டில் எழுத்துகள் கோட்டை விட்டு வெளியே போகத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. பிறகு ஒரு வரி முழுதும் சரிந்தது. பிறகு பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடியது. வாத்தியார் ரோத்தான் பிரம்பால் விரல் முட்டியில் அடித்தார். வீட்டில் தட்டுகள் அவள் கையிலிருந்து விழுந்தன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் தோள் வெட்டி இழுக்கும், விரல்கள் காற்றில் எதையோ தேடுவதைப் போல அலையும், வாய் ஒரு பக்கமாகக் கோணும். காரணமில்லாமல் அழுவாள். அழுது முடிப்பதற்குள் சிரிப்பாள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுக் குழாயடியில் மற்ற பிள்ளைகள் கூடியிருக்கும்போது நான் அக்காவைப் போலவே செய்து காட்டினேன். தோளை வெட்டி, நாக்கை நீட்டி இழுத்து, வாளியைக் கீழே போட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றார்கள். இன்னொரு தடவையும் செய்தேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலா சிலாங்கூரிலிருந்து சாமியார் மோட்டாரில் வந்து எங்கள் தோட்டத்துச் சிறு மாதா கோயிலில் பூசை வைப்பார். அன்றைக்கு பைபிள் வாசகம் வாசிக்க அக்காவைப் போட்டிருந்தார்கள். பெயர் கொடுத்தது கை ஆடத் தொடங்குவதற்கு முன்பே. வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். "மண்டோர் பொண்ணு வாசிக்கலன்னா என்ன நெனைப்பாங்க?" என்று அப்பா கேட்டார்.

அவள் வெள்ளைப் பாவாடை கட்டி, தலையில் முக்காடு போட்டு, மேடை ஏறினாள். இரண்டு வரி வாசித்தாள். மூன்றாவது வரியில் நாக்கு குழறியது. கை தானாக எழுந்து புத்தகத்தைத் தட்டிவிட்டது. புத்தகம் பீடத்துக்கு அருகே போய் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவளின் முகம் கோணியது. பார்த்தவர்களுக்கு அவள் பழிப்புக் காட்டுவதைப் போல இருந்தது. யாரோ சிரித்தார்கள். முதலில் சிரித்தவர்கள் குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள்தான். ஆண்கள் பக்கத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் காது மடல் சிவந்திருந்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் அக்கா அசதியில் தூங்கிவிட்டாள். நான் பக்கத்தில் படுத்திருந்தேன். அப்பா அறை வாசலில் வந்து நின்றார். வெகு நேரம் அவளையே பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, ஒரு விரல்கூட அசையாமல் தூங்கினாள்.

"சின்னவளே, தினமும் உன் பக்கத்துலதானே படுக்கறா. தூங்கறப்ப கை ஆடுதா?"

"இல்லப்பா. தூங்கறப்ப ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கா."

நான் பொய் சொல்லவில்லை. அப்பா என்னிடம் ஒன்றைக் கேட்கிறார், அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்ப வேணும்னே செய்யறா" என்றார் அப்பா.

அவர் அவளை எழுப்பினார். ரோத்தானை எடுத்தார். "கைய நீட்டு. ஆட்டாம நீட்டு" என்றார். அக்கா நீட்டினாள். கை ஆடியது. அடித்தார். "ஆட்டாதன்னு சொல்றேன்ல." ஆடாமல் இருக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முயல முயல, அது இன்னும் அதிகமாக ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் அடி. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். கடைசியில் பக்கத்து வீட்டு அத்தைதான் ஓடி வந்து ரோத்தானைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

"என்னா மண்டோரே, பச்சப் புள்ளய கொன்னுடுவீங்க போலிருக்கே!"

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை இந்து. அன்று சாயங்காலம் அம்மன் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கட்டினார். அம்மா தடுக்கவில்லை.

அடிபட்ட இடத்தில் தோல் பிய்ந்து, இரண்டு நாளில் சீழ் கட்டியது. டிரசரிடம் போனால் மண்டோர் மகளை அடித்தது ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா பயந்தார். அந்த வாரம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகையில் குழந்தைகளை எடை நிறுத்துப் பார்க்க டவுனிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி வந்திருந்தார். மலாய்க்காரப் பெண்மணி. பல வருடம் தோட்டம் தோட்டமாகச் சுற்றியதில் தமிழ் நன்றாகப் பேசுவார். அம்மாவையும் அக்காவையும் அத்தை அங்கே அழைத்துப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

மிஸ்ஸி புண்ணைக் கழுவினார். யார் அடித்தார்கள் என்று கேட்கவில்லை. மருந்து வைக்கும்போதே அந்தக் கையைக் கவனித்துவிட்டார். தன் இரண்டு விரலை நீட்டி, "இதப் புடி. விடாம புடி" என்றார். அக்கா பிடித்தாள். பிடி இறுகியது, தளர்ந்தது, இறுகியது, தளர்ந்தது, பால் கறக்கும் கையைப் போல. "நாக்க நீட்டு." நீட்டிய நாக்கு உடனே உள்ளே ஓடிவிட்டது.

"தூங்கறப்ப ஆடுமா?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இல்ல மிஸ்ஸி. தூங்கினா நிக்குது. ஆனா புள்ள வேணும்னு செய்யல, சத்தியமா" என்றார்.

"தெரியும் லா. வேணும்னு செய்யல. இந்தச் சீக்கு அப்படித்தான், தூங்கினா நிக்கும். முந்தி தொண்ட வலி வந்துச்சா? அப்புறம் கால் வீங்குச்சா?"

"வந்துச்சு மிஸ்ஸி, ரெண்டும் வந்துச்சு" என்றார் அம்மா.

எந்த வார்த்தையைச் சொல்லி நான் அக்காவுக்கு அடி வாங்கிக் கொடுத்தேனோ, அதே வார்த்தையை வைத்துத்தான் மிஸ்ஸி நோயைக் கண்டுபிடித்தார். ஒன்பது வயதில் எனக்கு இது புரியவில்லை. புரிந்த பிறகு பல வருடம் என்னால் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே தோட்டத்து லோரியில் கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அக்கா அங்கே இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பார்க்கப் போனபோது, தமிழ் டாக்டர் ஒருவர் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசினார். அவர் சொன்னதை நான் பிறகு படித்தும் கேட்டும் நிரப்பிக்கொண்டேன்.

தொண்டையில் வந்து தங்கும் ஒரு பாக்டீரியா இருக்கிறதாம். மணி கோர்த்ததைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளருமாம். உடம்பு அதை எதிர்க்கத் தனக்குள் ஆயுதம் தயார் பண்ணும். பெரும்பாலும் கிருமி சாகும், சண்டை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கிருமியின் மேல்தோலில் இருக்கும் சில பகுதிகள் நம்முடைய இருதயத்தின் சதையைப் போலவே இருக்கின்றன.

"உங்க தோட்டத்துல ஜாகா இருப்பார் இல்லையா, காவக்காரர்?" என்றார் டாக்டர். "திருடன் நீலச் சட்டை போட்டிருந்தான்னு அவருக்குத் தெரியும். திருடன் ஓடிட்டான். ஆனா அவர் நீலச் சட்டை போட்ட எல்லாரையும் அடிக்க ஆரம்பிச்சிட்டார். வீட்டுப் புள்ளைங்களையும் சேத்து. உங்க மகளோட உடம்பு அப்படி கை கால் மூட்டுகள அடிச்சிச்சு, மூளையில கை கால ஆட்டி வைக்கிற இடத்த அடிச்சிச்சு, இருதயத்தோட கதவையும் அடிச்சிடுச்சு. மூட்டு சரியாயிடும். கை ஆட்டமும் நின்னுடும். இருதயக் கதவுதான் பழையபடி ஆகாது."

ஒரே குவளையில் குடித்த எனக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்று பின்னாளில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு மட்டும் அப்படி ஆகும், அவர்களுக்கு ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அன்று அப்பா ஒன்றுதான் கேட்டார். "நான் அடிச்சதுனால இருதயத்துக்கு எதுவும்...?"

"இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். டாக்டர் அம்மாவிடம் திரும்பினார். "தொண்ட வலிக்கு டிரசர் மாத்திர குடுத்தார்னு எழுதியிருக்கு. முழுசா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாளுங்க" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்த டின்னை எடுத்தார். நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பெரிய கால்வாய் வரைக்கும் நடந்து போய், மூடியைக்கூடத் திறக்காமல் தண்ணீரில் எறிந்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை, அவர் சாகும்வரை என்று சொல்கிறேன்.

அக்காவின் நோட்டை அந்த டாக்டர் கேட்டு வாங்கினார். எழுத்து எப்படி நேராக இருந்து, எப்படிச் சாய்ந்து, எப்படி உடைந்தது என்பதை மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். திருப்பித் தருவதாகச் சொன்னார். தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இப்போது யாரிடமாவது அவள் எழுதிய ஒரு பக்கம் இருந்தால் எத்தனை ஆயிரம் வெள்ளி கேட்டாலும் நான் கொடுப்பேன்.

அதன் பிறகு மாதம் ஓர் ஊசி. தொண்டையில் அந்தக் கிருமி மறுபடி வந்தால் இருதயக் கதவு இன்னும் கெட்டுப்போகும், அது வராமல் தடுக்க பென்சிலின். இடுப்புக்குக் கீழே போடுவார்கள். மருந்து கெட்டியானது, இறங்கும்போது உயிர் போகும் என்பாள் அக்கா. அப்பா சம்பளத்தை விட்டு லீவு எடுத்து, சைக்கிளின் பின்னால் அவளை உட்காரவைத்துக் கோலா சிலாங்கூருக்கு மிதித்துக்கொண்டு போவார். ஊசி போட்ட பிறகு அவளால் சைக்கிளில் உட்கார முடியாது. எனவே திரும்பி வரும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவள் நடைக்கு ஈடாக, வழி முழுவதும் நடந்தே வருவார். பஸ்ஸில் வந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டபோது, "பஸ்ஸுலயும் உக்காரணுமே" என்றார். பல வருடம் அப்படி நடந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்கா பிழைத்தாள். கை ஆட்டம் சில மாதங்களில் நின்றது. கையெழுத்து திரும்பவில்லை, ஆனால் படித்தாள். கோலா சிலாங்கூரில் ஓர் ஆபீசில் டைப் அடிக்கும் கிராணி வேலை பார்த்தாள். அவள் இருதயத்தைப் பற்றித் தெரிந்தே ஒரு பஸ் டிரைவர் அவளைக் கட்டிக்கொண்டார். ஒரே மகன். அவனைச் சுமந்தபோது மூச்சு முட்டிப் படுத்த படுக்கையாகிவிட்டாள், அதற்கு மேல் பிள்ளை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். இப்போதும் சத்தமில்லாத அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அது டிக் டிக் என்று கேட்கும். கைக்கடிகாரம் என்று நினைத்து ஏமாறுவார்கள்.

போன வருடம் அவள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. அப்பா என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவளிடம் சொல்லிவிட்டேன். குழாயடியில் செய்து காட்டியதையும் சொன்னேன். அம்மாவின் டின்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது என்னுடையது இல்லை.

சின்ன வயதில் நடந்தது, விடு என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தட்டுகளை அடுக்கினாள்.

"நீ வீட்டுக்குப் போ" என்றாள்.

"அக்கா..."

"போன்னு சொல்றேன்ல."

இரண்டு வாரம் அவள் போன் எடுக்கவில்லை. அவள் மகனைக் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க சித்தி, ஓகே லா" என்றான். அறுபது வயது தாண்டிய இரண்டு பெண்கள், சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது வாரம் அவளே கூப்பிட்டாள். "வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை. மவனுக்கு வேலை இருக்காம். காடி ஓட்டிட்டு வர்றியா?" அவ்வளவுதான். செயற்கை வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க அவள் மாத்திரை சாப்பிடுகிறாள். அதன் அளவைச் சரிபார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எண் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு சின்னப் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

"இவ்வளவு வருசமா எல்லாக் கோவத்தையும் அப்பா ஒருத்தர் மேலயே வச்சிருந்தேன் லா. சைக்கிளத் தள்ளிக்கிட்டு நடப்பாரே, அப்பகூட மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் நடப்பேன். நீ சொன்னதுக்கு அப்புறம், உனக்கும் கொஞ்சம் பிரிச்சு வைக்கலாம்னு பாத்தேன்."

"வச்சியா?"

"ரெண்டு வாரமா பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். ஆளுக்குக் குடுக்கற அளவுக்கு வரல. எப்பவோ கரைஞ்சு போயிருக்கு போல. எனக்குத்தான் தெரியல."

நான் அழுதேன். அவள் கைப்பையைத் துழாவி ஒரு டிஷ்யூவை எடுத்து என் மடியில் போட்டாள்.

உள்ளிருந்து ஒரு மிஸ்ஸி எங்கள் எண்ணைக் கூப்பிட்டார். அக்கா என் தோளை அழுத்திப் பிடித்து எழுந்து உள்ளே போனாள்.